37 வீடுகளும் வந்துசேராத ஒரு பிழைச்செய்தியும்

கள ஆய்வுத் தரவுகளைத் தாமே எழுதிய சிறு செயலிகளில் பதிவு செய்யும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது. என் ஆய்வேட்டின் நான்காம் இயல் ஏறத்தாழ ஒரு பொய்யோடு அச்சுக்குப் போயிருக்கும். அது எப்படி நேர்ந்தது, எப்படித் தப்பியது என்பதை மறைக்காமல் சொல்வது பிறருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். இதில் வரும் தவறுகள் அனைத்தும் என்னுடையவை.

2023ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்கள் நான் தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் பகுதியில் தங்கியிருந்தேன். அப்போது போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரிலிருந்து வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. அதே சாலையில் மேலும் சென்றால் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அங்கிருந்து ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியே வண்டிகள் வரிசையாகவே அனுப்பப்படுகின்றன. ஊரைச் சுற்றிப் பாக்குத் தோப்புகள், தென்னை, இடையிடையே சரிவுகளில் வீடுகள். மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிளா மக்கள் தங்கள் ஊர்ப்பெயர்களையே இட்ட திரூர், மஞ்சேரி போன்ற குடியிருப்புகள் இத்தீவில் இன்றும் உள்ளன. வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், சாத்ரி என வீட்டுக்கொரு மொழி, வீதியில் இந்தி.

ஆண்டின் பெரும்பகுதி மழை கொட்டும் அத்தீவில் சனவரி முதல் ஏப்ரல் வரை குடிநீருக்குத் தட்டுப்பாடு வருகிறது. அந்த மாதங்களில் ஒரு குடும்பம் தண்ணீரை எங்கிருந்து, எத்தனை நடையில், யார் சுமந்து கொண்டுவருகிறார்கள் என்பதே என் ஆய்வுக் கேள்வி. குழாய் இணைப்புக்கும் நில ஆவணத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கருதி, வினாத்தாளில் ஆவண எண்ணுக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தேன். மொத்தம் 186 குடும்பங்கள். பகலில் காகிதப் படிவத்தில் எழுதுவது, இரவில் மடிக்கணினியில் ஏற்றுவது என்பது நடைமுறை.

செயலியை நானே பைதானில் எழுதியிருந்தேன். தரவுகள் மடிக்கணினியில் நிறுவிய எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தில் சேரும். இரண்டுக்கும் இடையே பை-ஓ.டி.பி.சி. என்னும் இணைப்பு நூலகம். படிவத்தை நிரப்பி அழுத்தினால், தரவுத்தளத்தில் சேமித்து வைக்கப்பட்ட செயல்முறை ஒன்று இயங்கும். அது முதலில் குடும்ப அட்டவணையில் ஒரு வரிசை சேர்க்கும். அடுத்து நில அட்டவணையில் ஒரு வரிசை சேர்க்கும். முடிந்ததும் திரையில் 'பதிவு செய்யப்பட்டது' என்று பச்சை நிறத்தில் தோன்றும். நான்கு மாதமும் பச்சை நிறத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. நாள்தோறும் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை இணையம் வழியே பல்கலைக்கழகக் கணினிக்கு அனுப்பி வந்தேன்.

ஏப்ரல் இறுதியில் அந்தக் கணினியில் தொகுப்பறிக்கை எடுத்தேன். 149 குடும்பங்கள் வந்தன. காகிதப் படிவங்களை மும்முறை எண்ணினேன். 186. விடுபட்டவை 37.

முதலில் நான் குற்றம் சாட்டியது தீவை. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் இழுக்கப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகள் இவை. வடம் வந்த பிறகும் நான் தங்கிய வீட்டில் இணையம் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது, மின்சாரமும் அப்படியே. ஆகவே நகல் அனுப்பும்போது ஏதோ அறுந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். பத்து நாட்கள் நகல்களை மீண்டும் மீண்டும் அனுப்பி ஒப்பிட்டேன். பெருநிலத்திலிருந்து வரும் நமக்குத் தீவில் எது தொலைந்தாலும் கடலைக் காரணம் காட்டுவது எளிதாக இருக்கிறது. பதினோராம் நாள்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: அதே அறிக்கையை மடிக்கணினியிலேயே எடுத்தேன். அங்கேயும் 149. கடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிறகு அறிக்கையை விட்டுவிட்டு அட்டவணைகளைத் தனித்தனியே எண்ணினேன். குடும்ப அட்டவணையில் 186 வரிசைகள் இருந்தன. நில அட்டவணையில் 149 மட்டுமே. அறிக்கையோ இரண்டையும் இணைத்து, இரண்டிலும் உள்ளவற்றை மட்டுமே காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. எனவே 37 குடும்பங்கள் தரவுத்தளத்தின் உள்ளே இருந்தும் அறிக்கையில் இல்லாதவையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் செயல்முறையின் முதற்பாதி நடந்து, பிற்பாதி நடக்காமல் போயிருக்கிறது. ஏன் என்பதற்குத் தடயம் எதுவுமில்லை. பிழைப்பதிவுக் கோப்பு வெறுமையாக இருந்தது.

அந்த 37 எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கள ஆய்வு முழுவதும் எனக்கு வழிகாட்டிய பெரியவரிடம் போனேன். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து இளம் வயதில் வந்து, காட்டு வேலையிலும் தோப்பு வேலையிலும் ஆயுளைக் கழித்தவர். எந்த எண் எந்த வீடு என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"தம்பி, இதெல்லாம் காகஜ் இல்லாத வீடு."

"எல்லாமா ஐயா?"

"எல்லாந்தான். இது ஓடைக்கு மேல இருக்குற ராஞ்சிக்காரங்க வீடு. இது நம்ம டெய்லர் வீடு. இது" என்று ஓர் எண்ணின்மேல் விரலை வைத்தார், "இது என் வீடு."

அந்தமானில் காகிதம் இல்லாத வீடு என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்களையே 'ராஞ்சி' மக்கள் என்று அழைக்கிறார்கள். அரசுத் திட்டங்களின் கீழ் நிலம் அளித்துக் குடியமர்த்தப்பட்டவர்களைப் போலன்றி, தீவின் காட்டை வெட்டிச் சாலை போட்ட இவர்களில் பலருக்கு ஆவணமுள்ள நிலம் அமையவில்லை. பின்னாளில் பிழைப்புத் தேடி வந்த தமிழரும் தெலுங்கரும் பலர் இதே நிலையில் உள்ளனர். ஷேகர் சிங் ஆணைய அறிக்கையை ஒட்டி 2002 மே மாதம் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு, காட்டு நிலத்தில் குடியிருப்போர் பற்றிய கேள்வி மேலும் கூர்மையாயிற்று. இவையெல்லாம் நான் படித்தவையே. படித்துவிட்டுத்தான், பல்கலைக்கழக விடுதி அறையில் உட்கார்ந்து, நில ஆவண எண் என்னும் புலத்தை 'வெறுமையாக இருக்கக்கூடாது' என்ற கட்டுப்பாட்டோடு வடிவமைத்தேன். எல்லாப் புலங்களையும் கட்டாயமாக்குவது தரவின் தூய்மைக்கு நல்லது என்று வகுப்பில் கற்றிருந்தேன். கட்டம் வெறுமையாக இருந்தால் செயலி அதை 'நல்' என்று மாற்றி அனுப்பும். தரவுத்தளம் அதை ஏற்க மறுக்கும். ஏற்காதது சரியே, நான் கேட்டதைத்தான் அது செய்தது.

ஆக, மறுத்ததற்கான காரணம் பெரியவரின் திண்ணையில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மறுத்த செய்தி ஏன் எனக்கு வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

முதலில் என் நிரலைத் தேடினேன். எதிர்பார்த்தது போலவே ஓரிடத்தில், எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாமல் கடந்து போகும்படி இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். சோதனைக் காலத்தில் எழுதி அழிக்க மறந்தவை. குற்றவாளி அகப்பட்டான் என்று மகிழ்ந்து அவற்றை நீக்கிவிட்டு, ஆவண எண் இல்லாத ஒரு படிவத்தை மீண்டும் ஏற்றினேன். மறுபடியும் பச்சை. அகப்பட்டவன் ஒரு தவறு செய்தவன்தான், ஆனால் இந்தத் தவறை அல்ல. நம்பத்தகுந்த காரணம் ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடக்கூடாது என்பதை அன்று கற்றேன். திருத்திய பின் அதே சோதனையை மீண்டும் ஓட்டிப் பார்க்காதிருந்தால் அந்த இரண்டு வரிகளின் மீதே பழியைப் போட்டு முடித்திருப்பேன்.

அடுத்து, செயலியை ஒதுக்கிவிட்டு, மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ வழியாக அதே செயல்முறையை அதே மதிப்புகளோடு கையால் இயக்கினேன். உடனே சிவப்பு எழுத்தில் வந்தது: பிழை எண் 515, நிலை 16; இந்தப் புலத்தில் வெறுமையான மதிப்பைச் சேர்க்க இயலாது, கட்டளை நிறுத்தப்பட்டது. தரவுத்தளம் ஊமையாக இல்லை. அப்படியானால், என் செயலி அழைக்கும்போது மட்டும் அது பேசாமலிருக்கிறதா, அல்லது பேசுவது என் செயலியின் காதில் விழவில்லையா? எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் என்னும் கண்காணிப்பு வசதியை இயக்கி, வெளியாகும் பிழைகள் அனைத்தையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, செயலியிலிருந்து ஏற்றினேன். கண்காணிப்பில் 515 வந்தது. செயலியில் பச்சை வந்தது. சேவையகத்திலிருந்து செய்தி புறப்பட்டிருக்கிறது. தொலைந்தது என் பக்கத்தில்.

விளக்கம் இதுதான். ஒரு செயல்முறைக்குள் பல கட்டளைகள் இருந்தால், எஸ்.கியூ.எல். சர்வர் ஒவ்வொன்றின் விளைவையும் நடந்த வரிசையிலேயே அனுப்பும். முதற்கட்டளை வெற்றி பெற்றதும் 'ஒரு வரிசை சேர்ந்தது' என்ற எண்ணிக்கை முதல் விளைவாகப் புறப்படுகிறது. இரண்டாம் கட்டளையின் பிழை அதற்குப் பின்னால் இரண்டாவதாக வருகிறது. பை-ஓ.டி.பி.சி. நூலகமோ முதல் விளைவைப் பெற்றதும் கட்டளை முடிந்ததாக நிரலிடம் சொல்லிவிடும். 'அடுத்த விளைவு உண்டா' என்று நிரல் கேட்டால்தான் அடுத்ததை எடுத்துப் படிக்கும். அதில் பிழை இருந்தால் அப்போதுதான் எழுப்பும். நான் கேட்கவே இல்லை. அஞ்சல்காரர் இரண்டு கடிதங்களோடு வாசலில் நிற்க, மேலே இருந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய கதை. கீழே இருந்தது மறுப்புக் கடிதம்.

அதோடு நிற்கவில்லை. இந்த வகைப் பிழை அந்த ஒரு கட்டளையை மட்டுமே நிறுத்தும். பரிவர்த்தனை முழுவதையும் தானாகத் திருப்பிவிடாது. என் செயலி முதல் விளைவை நம்பி 'உறுதிசெய்' என்று சொன்னதும், முதற்பாதி நிலைத்தது. குடும்பம் இருக்கிறது, அதன் நிலம் பற்றிய வரிசை இல்லை என்ற அரைகுறை நிலை 37 முறை உருவானது இவ்வாறே.

திருத்தங்கள் எளியவை, இதே கருவிகளைப் பயன்படுத்துவோர் குறித்துக்கொள்ளுங்கள். செயல்முறையின் முதல் வரியில் 'செட் நோகவுண்ட் ஆன்' என்று எழுதினால் வரிசை எண்ணிக்கைகள் அனுப்பப்படா. பிழையே முதலில் வந்து சேரும். 'செட் எக்ஸ்-அபார்ட் ஆன்' என்று சேர்த்தால், இத்தகைய பிழை நேர்ந்ததும் பரிவர்த்தனை முழுவதும் திரும்பும். அரைகுறை நிலை தங்காது. செயல்முறை தேர்வு முடிவுகளையும் திருப்பி அனுப்புமானால் எண்ணிக்கையை நிறுத்துவது மட்டும் போதாது. நிரலில் 'நெக்ஸ்ட்செட்' என்ற அழைப்பை, இனி இல்லை என்று பதில் வரும்வரை சுழற்சியாக இட வேண்டும். இன்னொன்று: நீங்களே எழுதும் எச்சரிக்கைகளை 10 அல்லது அதற்குக் குறைந்த நிலையில் எழுப்பினால் அவை வெறும் தகவலாகவே கருதப்படும், பிழையாக வந்து நிரலை நிறுத்தமாட்டா. நிறுத்த வேண்டுமானால் 11 அல்லது அதற்கு மேல் வேண்டும், வழக்கம் 16.

இது ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கு மட்டும் உரிய நோயன்று. பி.எச்.பி. மொழியின் பி.டி.ஓ. இணைப்பு, 2020 நவம்பரில் வெளியான 8.0 பதிப்பு வரை, பிழையை எழுப்பாமல் அமைதி காப்பதையே இயல்பாகக் கொண்டிருந்தது. மைசீக்வெல் 5.7 பதிப்பில்தான் கண்டிப்பு முறை இயல்பாக்கப்பட்டது. அதற்கு முன் நீளமான சொல்லை வெட்டியும், பொருந்தாத தேதியைச் சுழியங்களாக்கியும், எச்சரிக்கையை ஓரமாக வைத்துவிட்டு ஏற்றுக்கொள்ளும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தாம். மிஞ்சியவை சத்தமின்றி வெட்டுண்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி அதனால் தாமதமாயிற்று. அங்கும் யாரோ ஒருவர் திரையில் வெற்றியைத்தான் பார்த்திருப்பார்.

எல்லாவற்றிலும் என்னைக் கலங்கவைப்பது, விடுபட்டவை தற்செயலாக விடுபடவில்லை என்பதே. தற்செயலாக 37 போயிருந்தால் சராசரி பெரிதாக அசைந்திராது. போனவையோ ஒரே வகையானவை: ஆவணம் இல்லாதவை, பெரும்பாலும் குழாய் இணைப்பும் இல்லாதவை, கோடையில் ஓடைக்கும் ஊற்றுக்கும் நடப்பவை. என் ஆய்வு யாரைத் தேடிப் போனதோ அவர்களையே என் வடிவமைப்பு வெளியே நிறுத்தியிருக்கிறது. அறிக்கை வந்த முதல் நாளே, எண்ணிக்கை பொருந்தாததை அறிந்தும், நான்காம் இயலின் முன்வரைவில் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன்: 'ஆய்வுக்குட்பட்ட குடும்பங்கள் அனைத்தும் நில ஆவணம் உடையவை.' கண்டடைவு போல மிடுக்காக இருந்த வாக்கியம். அதை நெறியாளருக்கும் அனுப்பியிருந்தேன். காகிதப் படிவங்களை அந்த வாரம் எண்ணாமலிருந்தால், அது ஆய்வேட்டில் ஏறி, பிறிதொருவர் கட்டுரையில் மேற்கோளாகி, ஒரு நாள் யாரோ ஓர் அலுவலரின் கோப்பிலும் சேர்ந்திருக்கும்.

திருத்திய செயலியைக் காட்டப் பெரியவரிடம் மீண்டும் போனேன். விடுபட்ட வீடுகளைச் சேர்த்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"விட்டுப் போனதே நல்லதுன்னு சில பேரு நினைப்பாங்க தம்பி. காகஜ் இல்லன்னு நீங்க எழுதி வச்சா, அது இன்னொரு காகஜ் ஆயிடும்ல?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. பிழையைத் திருத்துவது மட்டுமே என் கடமை என்று நினைத்திருந்தேன். அவரையும் அழைத்துக்கொண்டு அந்த 36 வீடுகளுக்கும் மறுபடி நடந்தேன். முப்பத்தேழாவது வீட்டின் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தோம். என்ன எழுதுவேன், எங்கே எழுதுவேன், பெயர் இருக்காது, ஊரின் எந்தப் பகுதி என்பதும் இருக்காது என்று விளக்கி, சம்மதமா என்று கேட்டேன். பெரும்பாலோர் எழுதச் சொன்னார்கள். ஒரு பெண்மணி, "தண்ணி தூக்குறது நெசம்தானே, எழுதுங்க" என்றார். ஐந்து குடும்பத்தார், தண்ணீர் பற்றி எழுதலாம், நிலம் பற்றி வேண்டாம் என்றார்கள்.

அதன் பிறகே அட்டவணையைச் சரியாக வடிவமைத்தேன். ஆவண எண் இனி வெறுமையாக இருக்கலாம். ஆனால் ஏன் வெறுமை என்பதைச் சொல்லும் புலம் ஒன்று கட்டாயம். ஆவணம் இல்லை, விண்ணப்பித்துக் காத்திருக்கிறார், சொல்ல விரும்பவில்லை, நான் கேட்க மறந்தேன் என்று அதில் தனித்தனியே உண்டு. உறவுநிலைத் தரவு மாதிரியை 1970இல் முன்வைத்த காட், 1990இல் வெளியிட்ட நூலில், இருக்கவேண்டியது தெரியாமலிருக்கும் வெறுமையையும் பொருந்தவே பொருந்தாத வெறுமையையும் இரண்டு தனிக் குறிகளால் பிரித்துக் காட்ட வேண்டும் என்று வாதிட்டார். நடைமுறையில் தரவுத்தளங்கள் இரண்டையும் ஒரே 'நல்' ஆகவே வைத்துக்கொண்டன. சொல்ல மறுப்பவரின் வெறுமைக்கு அவர் திட்டத்திலும் தனிக் குறி இல்லை. அதைக் களம் எனக்குக் கற்பித்தது.

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, உங்கள் செயலி ஏற்கவே கூடாத பதிவு ஒன்றைத் தயாரித்து, களத்துக்குப் போகும் முன் வேண்டுமென்றே ஏற்றிப் பாருங்கள். அது சிவப்பில் கத்தவில்லையென்றால், இதுவரை அது காட்டிய பச்சைக்கும் மதிப்பில்லை. சரியான பதிவுகளை நூறு முறை ஏற்றிச் சோதித்த நான், தவறான ஒன்றை ஒரு முறைகூட ஏற்றிப் பார்க்கவில்லை. இரண்டு, ஒவ்வோர் இரவும் காகிதங்களின் எண்ணிக்கையை அட்டவணைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு நாட்குறிப்பில் எழுதுங்கள். மூன்று, விடுபட்டவற்றின் பட்டியலை அந்த ஊரைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

நான்காம் இயலை மறுபடி எழுதி முடித்துவிட்டேன். அந்த வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் கீழ், முதல் தொகுப்பில் 37 குடும்பங்கள் விடுபட்டதும் அதற்கான காரணமும் ஒரு பத்தியில் உள்ளன. நெறியாளர் அப்பத்தியைப் பின்னிணைப்புக்கு மாற்றலாமா என்று கேட்டார். இயலிலேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், ஒப்புக்கொண்டார். அச்சுப்படி ஒன்றைப் பெரியவருக்கு அனுப்ப வேண்டும். அவர் வீட்டின் எண் அதில் இராது. எந்த வரிசையில் தம் வீடு இருக்கிறது என்று அவர் கேட்டால், நேரில் போய்த்தான் காட்ட வேண்டும்.